மாவில்லாத கேக், மனசுக்குப் பிடித்த கேக்: வாசகர் கேள்வி, பதில்

சிறப்பு உணவுமுறைக்காரர்களுக்கு கேக் செய்வதுதான் என் தொழில். கோதுமை மாவு என் சமையலறைக்குள் வருவதே இல்லை. அதனால்தானோ என்னவோ, சென்ற இதழில் 'தானியம் இல்லாத கேக் பற்றிக் கேளுங்கள்' என்று நான்கு வரி எழுதியதற்குக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. முடிந்தவரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா, என் மகளுக்கு அடுத்த மாதம் பிறந்தநாள். தானியமே கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதிய கேக் மிக்ஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து படித்தால் அரிசி மாவு, கார்ன்ஃப்ளார் என்று இருக்கிறது. இதைக் கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. மிக்ஸ் பொய் சொல்லவில்லை. சீலியாக் என்பது குளூட்டன் என்ற புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய். அந்த நோய்க்காரர்களைப் பாதிக்கும் குளூட்டன் அரிசியிலும் மக்காச்சோளத்திலும் இல்லை. ஆனால் இரண்டும் தானியம். உங்களுக்கு வேண்டியது வேறு.

நான் ஆர்டர் எடுக்கும்போது கேட்கும் முதல் கேள்வி 'என்ன சுவை, எத்தனை கிலோ' என்பதல்ல. 'தானியம் ஏன் வேண்டாம்?' என்பதுதான். சிலருக்கு இது பிடிப்பதில்லை. 'டாக்டர் சொன்னார், நீங்கள் செய்துகொடுங்கள்' என்பார்கள். காரணம் தெரியாமல் நான் பாத்திரத்தைத் தொடமாட்டேன், ஏனென்றால் காரணத்துக்கு ஏற்றபடி கேக்கே மாறிவிடும்.

சீலியாக் என்றால் எதிரி கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியத்திலும் இருக்கும் அந்தக் குளூட்டன். அங்கே நான் பயப்படுவது செய்முறைக்கு அல்ல, தூசிக்கு. குளூட்டன் இல்லை என்று எழுதுவதற்குச் சர்வதேச வரம்பே கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். பழைய சல்லடையின் ஓட்டையில் ஒட்டியிருக்கும் கோதுமை மாவு அதைத் தாண்ட வைக்கும். குடல் அழற்சிக்காக ஸ்டார்ச்சையே ஒதுக்குபவருக்கு மரவள்ளி ஸ்டார்ச்சும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும்கூட ஆகாது. ஆதிமனிதர் உண்டது போல உண்ணும் பேலியோ உணவுமுறை என்றால் கிழங்கு பரவாயில்லை, கடலை மாவு கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் தன்னெதிர்ப்பு நோய்க்கான உணவுமுறையில் முதல் கட்டத்தில் பாதாமும் முட்டையும் சேர்ந்தே போய்விடும், நான் கீழே எழுதியிருக்கும் பாதி விஷயம் அவர்களுக்கு உதவாது. எல்லோரும் சொல்வது 'தானியம் கூடாது' என்ற இரண்டே வார்த்தை. மகளின் உணவியல் நிபுணரிடம் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள்: ஸ்டார்ச் ஆகுமா, பருப்பு வகை ஆகுமா, சர்க்கரை ஆகுமா. அப்புறம் கேக்கைப் பற்றிப் பேசலாம்.

கோதுமைக்கும் சீலியாக் நோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவானதே ஒரு போர்க்காலத்தை ஒட்டித்தான். வில்லெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர் 1930களிலேயே கோதுமையைச் சந்தேகித்து வந்தார். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம், ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே வாடியபோது சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் தன் ஆய்வேட்டில் அவர் இந்தத் தொடர்பை எழுதி வைத்தார். 'கொஞ்சூண்டு மாவு என்ன செய்துவிடும்' என்று கேட்கும் உறவினர்களிடம் நான் இந்தக் கதையைச் சொல்வதுண்டு.

சிறுதானியம் சேர்க்கலாமா மேடம்? உடம்புக்கு நல்லது என்கிறார்களே.

நல்லதாக இருக்கலாம், ஆனாலும் தானியம்தானே! புல் இனத்தின் விதை எதுவும் இந்தக் கேக்கில் இல்லை. கினோவா, பக்வீட், அமரந்த் மூன்றும் புல் இனம் இல்லை என்று தாவரவியல் சொல்லும். ஆனாலும் பல உணவுமுறைகள் அவற்றையும் தானியத்தோடு சேர்த்து ஒதுக்கிவிடுகின்றன. கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

பாதாம் மாவில் மூன்று முறை கேக் செய்தேன். மேலே கறுப்பு, நடுவில் பள்ளம், கீழே களி. கோதுமை மாவு எவ்வளவோ அதே அளவு பாதாம் மாவு போட்டேன். சரியான அளவு சொல்லுங்களேன்.

'அதே அளவு' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அங்கேதான். பாதாமில் பாதி எண்ணெய். கோதுமை மாவில் கொழுப்பு ஒரு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். அதோடு கோதுமையின் குளூட்டன் வலைபோல நின்று காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாதாமிடம் அந்த வலை கிடையாது. அந்த வேலையை முட்டை செய்யவேண்டும். கோதுமை கேக் குறிப்பில் மாவை மட்டும் மாற்றினால் வெண்ணெய் அதிகமாகி, முட்டை போதாமல் போய், நீங்கள் சொன்ன களிதான் கிடைக்கும்.

20 சென்டிமீட்டர் வட்ட டின் ஒன்றுக்கு நான் போடும் அளவு இது. தோல் நீக்கி நைசாக அரைத்த பாதாம் மாவு 250 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 40 கிராம், சர்க்கரை 150 கிராம், பெரிய முட்டை 5, உருக்கி ஆறவைத்த வெண்ணெய் 60 கிராம், சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு, ஓர் ஆரஞ்சின் தோல் துருவல். கப் கணக்கு கேட்காதீர்கள். பாதாம் மாவைக் கப்பில் அமுக்கினால் ஓர் எடை, தூவினால் வேறு எடை. சின்னத் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஓவனை 160 டிகிரி செல்சியஸில் வையுங்கள். கோதுமை கேக்கின் 180 இங்கே வேண்டாம், பாதாம் சீக்கிரம் சிவந்துவிடும். உங்கள் கறுப்புக்குக் காரணம் அதுதான். டின்னின் அடியிலும் சுற்றிலும் பட்டர் பேப்பர் போடுங்கள். வெண்ணெய் தடவி மாவு தூவும் பழக்கத்தைக் கை தானாகச் செய்துவிடும், ஜாக்கிரதை.

முட்டையை வெள்ளை வேறு, மஞ்சள் வேறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கருவோடு 100 கிராம் சர்க்கரை சேர்த்து வெளுத்துக் கெட்டியாகும்வரை அடித்து, வெண்ணெய், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சுத் துருவல் சேருங்கள். பாதாம் மாவு, ஸ்டார்ச், சோடா, உப்பு நான்கையும் ஒன்றாகச் சலித்து இதில் கலந்தால் கெட்டியாக இருக்கும், பயப்பட வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இல்லாத இன்னொரு பாத்திரத்தில் வெள்ளைக்கருவை அடித்து, நுரைத்து வரும்போது மீதி 50 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். பீட்டரைத் தூக்கினால் நுனி லேசாக வளைந்து நிற்கவேண்டும். முறுக்கி விறைப்பாக்கிவிட்டால் கலக்கும்போது திட்டுத் திட்டாக நிற்கும். முதலில் மூன்றில் ஒரு பங்கு வெள்ளைக்கருவைப் போட்டு, தயங்காமல் நன்றாகக் கலந்து மாவை இளக்குங்கள். அந்தப் பங்கு வீணானாலும் பரவாயில்லை. மீதியை இரண்டு தடவையாகப் போட்டு, அடியிலிருந்து மேலாக மடித்து மடித்துச் சேருங்கள். உடனே ஓவனுக்குள் வையுங்கள். எலுமிச்சையும் சோடாவும் சந்தித்தாகிவிட்டது, இனிமேல் போன் எடுத்துப் பேச நேரமில்லை.

40 முதல் 45 நிமிடம் ஆகும். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். பள்ளம் விழுவதற்கு அது ஒரு காரணம். சோடா கூடிப்போனது இன்னொரு காரணம், அப்போது சோப்புச் சுவையும் வரும். வேகாமல் எடுத்ததுதான் பெரும்பாலும் உண்மைக் காரணம். பல்குச்சியை நம்பி மோசம் போகாதீர்கள். பாதாம் ஈரமாகவே இருக்கும், குச்சி சில சமயம் வேகாத கேக்கிலும் சுத்தமாக வரும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 95 டிகிரி காட்டவேண்டும். மேலே சிவந்து உள்ளே வேகவில்லை என்றால் அலுமினியத் தாளை லேசாக மூடிவிட்டுத் தொடருங்கள். வெந்ததும் டின்னிலேயே முழுக்க ஆறட்டும். சூட்டில் கவிழ்த்தால் உடைந்துவிடும்.

இது கேக் மாதிரி இருக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பெயினின் சாண்டியாகோ பாதாம் கேக்கில் அடிப்படையே பாதாம், முட்டை, சர்க்கரை மூன்றுதான். கூட வாசனைக்கு எலுமிச்சைத் தோல். ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அதற்குப் புவிசார் குறியீடே கொடுத்தது. நாம் செய்வது பத்தியச் சாப்பாடு இல்லை.

வீட்டில் தேங்காய் மாவு நிறைய இருக்கிறது. பாதாமுக்குப் பதில் அதைப் போடலாமா? விலையும் குறையுமே.

250 கிராம் பாதாம் மாவுக்கு 250 கிராம் தேங்காய் மாவு போட்டால் கேக்குக்குப் பதில் மணல்தான் வரும். தேங்காய் மாவு ஈரத்தை அப்படிக் குடிக்கும். பாதாம் மாவில் நான்கில் ஒரு பங்கு எடையில் தொடங்கி, 30 கிராமுக்கு ஒரு முட்டையாவது வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலந்தபின் பத்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் கெட்டியா இளக்கமா என்று முடிவு செய்யுங்கள். எனக்குத் தனித் தேங்காய் மாவு கேக் பிடிக்காது, முட்டை வாடை தூக்கலாக இருக்கும். பாதாமோடு 20, 30 கிராம் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

மாவு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் என் கணவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கிரீமில் என்ன இருக்கப்போகிறது?

கிரீமில்தான் இருக்கும்! கடையில் விற்கும் ஐசிங் சுகர் கட்டி பிடிக்காமல் இருக்கப் பெரும்பாலும் கார்ன்ஃப்ளார் சேர்ப்பார்கள். பேக்கிங் பவுடரிலும் அப்படித்தான், பல பிராண்டுகளில் கார்ன்ஃப்ளார் உண்டு. கஸ்டர்ட் பவுடர் என்பதே பெரும்பாலும் வண்ணம் போட்ட கார்ன்ஃப்ளார். ஃபாண்டன்டில் குளுக்கோஸ் சிரப் இருக்கும், அது பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்தோ கோதுமையிலிருந்தோ வருவது. ஒட்டாமல் தேய்க்க மேலே தூவுவதும் கார்ன்ஃப்ளார்தான். வண்ண மணிகள், சாக்லேட்டுக்குள் இருக்கும் மால்ட் (அது பார்லி), 'மாடிஃபைடு ஸ்டார்ச்', 'மால்டோடெக்ஸ்ட்ரின்' என்று லேபிளில் வரும் பெயர்கள், டின்னுக்கு அடிக்கும் பேக்கிங் ஸ்பிரேயில் சிலவற்றில் கலந்திருக்கும் மாவு, இவை எல்லாவற்றையும் பார்க்கவேண்டும்.

பேக்கிங் பவுடருக்கு மாற்று சுலபம். ஒரு பங்கு சமையல் சோடா, இரண்டு பங்கு க்ரீம் ஆஃப் டார்ட்டர், சேர்த்து வைப்பதாக இருந்தால் ஒரு பங்கு ஆரோரூட் (கூவைக்கிழங்கு) மாவு. க்ரீம் ஆஃப் டார்ட்டர் திராட்சை மது தயாரிப்பின் உபபொருள், அதில் தானியம் இல்லை. ஐசிங் சுகரை வீட்டில் மிக்ஸியில் பொடித்து, 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி ஆரோரூட் கலந்துகொள்ளுங்கள்.

ஆனால் நான் ஐசிங் சுகர் பக்கமே போவதில்லை. என் கை வழக்கம் சுவிஸ் மெரிங் பட்டர்கிரீம். நான்கு வெள்ளைக்கரு, 200 கிராம் சாதாரணச் சர்க்கரை. கொதிக்கும் தண்ணீரின் மேல் பாத்திரத்தை வைத்துக் கிளறிக்கொண்டே 71 டிகிரிக்குக் கொண்டுவந்து, இறக்கி, பாத்திரம் குளிரும்வரை அடிக்கவேண்டும். அப்புறம் மெதுவான வெண்ணெய் 300 கிராமைத் துண்டு துண்டாகச் சேர்க்கவேண்டும். நடுவில் ஒரு கட்டத்தில் திரிந்து தயிர் மாதிரி ஆகும். கொட்டிவிடாதீர்கள், அடித்துக்கொண்டே இருங்கள், சேர்ந்துவிடும். அந்த வேலை வேண்டாம் என்றால் ஒரு பங்கு கிரீமுக்கு இரண்டு பங்கு டார்க் சாக்லேட், எடைக்கு எடை, கனாஷ் என்ற சாக்லேட் கிரீம் ரெடி.

பேரனுக்கு நட்ஸ் அலர்ஜி. சூரியகாந்தி விதையை அரைத்துச் செய்த கேக் மறுநாள் உள்ளே பச்சையாக மாறிவிட்டது. பூஞ்சையா? தூக்கிப் போட்டுவிட்டோம்.

ஐயோ, தூக்கியிருக்க வேண்டாம். சூரியகாந்தி விதையில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. சமையல் சோடாவின் காரத்தோடு சேர்ந்தால் அது பச்சையாகும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. சோடாவைக் குறைத்து எலுமிச்சைச் சாற்றைக் கூட்டினால் நிறம் மங்கும். கோகோ சேர்த்துவிட்டால் யாருக்கும் தெரியவே தெரியாது. சூரியகாந்தி மாவைப் பாதாமின் அதே எடையில் போடலாம். விதையை அரைக்கும்போது குறிப்பிலிருக்கும் சர்க்கரையில் கொஞ்சம் சேர்த்து, விட்டு விட்டு ஓட்டுங்கள், இல்லாவிட்டால் வெண்ணெயாகிவிடும். பாதாம் அரைத்த மிக்ஸியில் அரைக்காதீர்கள்.

அப்பாவின் 70ஆவது பிறந்தநாள். ஸ்டார்ச், சர்க்கரை இரண்டும் கூடாது, தேன் மட்டும் ஆகும். கேக்கே வேண்டாம் என்கிறார்.

வேண்டாம் என்று அவர் சொல்வது உங்களுக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது என்பதற்காக இருக்கும். செய்துவிடுங்கள். சிட்னி ஹாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1951இல் எழுதி வைத்த வழியிலிருந்து வளர்ந்த உணவுமுறை போலிருக்கிறது. அதில் பாதாம், முட்டை, தேன், பழுத்த பழம் எல்லாம் உண்டு. சோடா உண்டு, பேக்கிங் பவுடர் இல்லை.

ஆரஞ்சு கேக் செய்யுங்கள். இரண்டு ஆரஞ்சைத் தோலோடு முழுசாக இரண்டு மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் வெட்டி விதை எடுத்து, தோலோடு விழுதாக அரையுங்கள். ஆறு முட்டையை 200 கிராம் தேனோடு அடித்து, இந்த விழுது, 250 கிராம் பாதாம் மாவு, அரைத் தேக்கரண்டி சோடா கலந்து 23 சென்டிமீட்டர் டின்னில் ஊற்றுங்கள். தேன் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கருகும், 155 டிகிரி போதும், ஒரு மணி நேரத்தை ஒட்டி ஆகும். வெள்ளைக்கரு தனியாக அடிக்கும் வேலைகூட இல்லை. இந்தக் கேக்குக்குக் கிரீம் வேண்டாம், அதன் வாசனையே போதும். ஒரு வயது ஆகாத குழந்தை வீட்டில் இருந்தால் அதற்கு மட்டும் இந்தத் தேன் கேக்கைக் கொடுக்காதீர்கள்.

முட்டையும் இல்லாமல், தானியமும் இல்லாமல்?

அடுக்கு கேக் ஆசையை விட்டுவிடுங்கள் என்பதுதான் என் நேர்மையான பதில். ஆளி விதை, இசப்கோல் எல்லாம் ஒட்டவைக்கும், உயர்த்தாது. வரும் கேக் பிசுபிசுவென்று இருக்கும். பால் ஆகுமென்றால் அதற்குப் பதில் பேக் செய்யாத சீஸ்கேக் செய்யலாம். 150 கிராம் பாதாம் மாவை வறுத்து, 50 கிராம் மெதுவான பேரீச்சை, 40 கிராம் உருக்கிய வெண்ணெயோடு பிசைந்து அடியில் அழுத்துங்கள். மேலே 500 கிராம் கிரீம் சீஸ், 100 கிராம் சர்க்கரை, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்து அடித்து, கெட்டியாக அடித்த 250 மில்லி கிரீமை அதில் மடித்து ஊற்றி, ஓர் இரவு பிரிட்ஜில் வையுங்கள். கிரீம் சீஸ் லேபிளில் ஸ்டார்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெழுகுவர்த்தி இதிலும் நிற்கும்.

தானியம் இல்லையே, சர்க்கரை நோயாளி தாராளமாகச் சாப்பிடலாம்தானே?

இல்லை. மேலே சொன்ன பாதாம் கேக்கை 12 துண்டாக வெட்டினால், கிரீம் இல்லாமலே ஒரு துண்டில் சுமார் 18 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கும். கணக்கில் எடுத்துக்கொண்டு சாப்பிடட்டும்.

வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவில் இருக்கும் பேத்திக்கு ஒரு கேக் குறிப்பு தாருங்கள் அம்மா. ஒரு நாள்தானே.

அம்மா, என்னிடம் வாங்காதீர்கள். இந்த உணவுமுறை 1921இல் மேயோ கிளினிக்கில் ரஸல் வைல்டர் வலிப்புக்கான சிகிச்சையாக முன்வைத்தது. புரதமும் மாவுச்சத்தும் சேர்ந்து ஒரு கிராம் என்றால் கொழுப்பு மூன்று, நான்கு கிராம் என்று எடைபோட்டுக் கொடுப்பது. மருந்து மாதிரியேதான். 'ஒரு நாள்' அங்கே கிடையாது, ஒரு துண்டு கேக்கே அந்தக் குழந்தையின் நிலையைக் குலைத்துவிடலாம். அவளுடைய உணவியல் நிபுணரிடம் போய் 'பிறந்தநாளுக்கு ஒரு கேக் கணக்குப் போட்டுக் கொடுங்கள்' என்று கேளுங்கள். அன்றைய உணவின் கணக்குக்குள்ளேயே ஒரு குட்டி கேக்கை அடக்கித் தர அவர்களால் முடியும். எழுதிக் கொடுத்ததைக் கிராம் பிசகாமல் செய்யுங்கள்.

கல்யாண நாளுக்கு இரண்டடுக்கு கேக். பாதாம் கேக் தாங்குமா?

தாங்கும், ஆனால் கனம். 25 சென்டிமீட்டர் டின்னுக்கு மேலே சொன்ன அளவில் ஒன்றரை மடங்கு, 15 சென்டிமீட்டருக்குப் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒரே உயரமான டின்னில் ஊற்றாமல் இரண்டு தட்டையான டின்களில் பிரித்து ஊற்றினால் நடு வேகும். அடுக்குவதற்கு முன் பிரிட்ஜில் வைத்து இறுகவிடுங்கள். மேலடுக்குக்குத் தனி அட்டை, கீழடுக்குக்குள் தாங்குக் குச்சிகள், இரண்டும் கட்டாயம். மேலே ஃபாண்டன்ட் போர்த்தும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், காரணம் முன்பே சொன்னேன்.

எல்லோருக்கும் சாதாரண கேக், அவனுக்கு மட்டும் தனியாக ஒரு கப் கேக். செலவு மிச்சம். சரிதானே?

செலவு மிச்சம்தான். ஆனால் பிறந்தநாள் அவனுக்கு, பெரிய கேக் மற்றவர்களுக்கு என்றால் அது யாருடைய விழா? எனக்கு இந்த ஏற்பாடு என்றுமே பிடித்ததில்லை. அவன் எதை ஊதி அணைப்பான், எதை வெட்டுவான், யோசித்துப் பாருங்கள். சீலியாக் என்றால் இன்னொன்றும் உண்டு. ஒரே மேசையில் ஒரே கத்தி இரண்டு கேக்குக்கும் போகும், குழந்தைகள் விரல் இரண்டு கிரீமிலும் போகும். செலவுதான் கவலை என்றால் ஒரே கேக்கைச் சின்னதாகச் செய்து, மெல்லிய துண்டாக எல்லோருக்கும் கொடுங்கள். பாதாம் கேக் மெல்லியதாகவே வயிற்றை நிரப்பும். வருபவர்களில் யாருக்காவது நட்ஸ் ஒவ்வாமை உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் முன்னால் செய்துவைக்கலாம்?

பாதாம் கேக் மறுநாள்தான் ருசியாக இருக்கும். கிரீம் போடாமல் இறுக்கமாகச் சுற்றி பிரீஸரில் வைத்தால் ஒரு மாதம் தாங்கும். சுற்றிய உறையோடேயே பிரிட்ஜில் ஓர் இரவு இளகவிட்டு, மறுநாள் கிரீம் போடுங்கள். பட்டர்கிரீம் பூசிய கேக்கை வெட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். குளிர்ந்த வெண்ணெய் வாயில் மெழுகு மாதிரி ஒட்டும்.